கோமாரியில் மாடு சாவது குறைவுதானே, விவசாயிக்கு அப்படி என்ன பெரிய நட்டம்?

கேள்வியில் இருப்பது பாதி சரி. கோமாரி என்பது மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் தொற்றுநோய். அது வந்து வளர்ந்த மாடு சாவது குறைவுதான். ஆனால் செத்த மாட்டை எண்ணி இந்த நோயின் நட்டத்தை அளக்க முடியாது. எங்கள் தொழுவத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் ஊர் பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் பக்கம், பூம்பாறைக்கும் மேலே. மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட்தான் விவசாயம். அதில் பணம் பார்க்க மூன்று நான்கு மாதம் ஆகும், அதுவும் அன்றைய விலையைப் பொறுத்தது. வீட்டுச் செலவை ஓட்டுவது பால். சொசைட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அரிசி, பஸ் காசு, பிள்ளைகளின் ஃபீஸ், மகளிர் குழுக் கடன் எல்லாம் அதிலிருந்துதான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜெர்சி கலப்புப் பசு. கன்று ஈன்று இரண்டு மாதம், நாளுக்கு 11 லிட்டர் கறந்தது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் அது தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொட்டால் உடம்பு கொதித்தது. மறுநாள் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்கியது. சப்புக் கொட்டும் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் மேல்தோல் ஈரத்துணி போல உரிந்து வந்தது. மூன்றாம் நாள் குளம்பு நடுவிலும் கொப்புளம் உடைந்து, காலை ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றித் தூக்கி நின்றது. எங்கள் ஊர் மழையில் தொழுவத் தரை காயவே காயாது. புண் சேற்றில் ஊறி இரண்டு கால்களில் புழு வைத்துவிட்டது. அப்பா டார்ச் பிடிக்க, அம்மா ஒவ்வொரு காலாக மடியில் தூக்கி வைத்துப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டுத் தடவுவார். காலையும் இரவும் மூன்று வாரம் இதுதான் வேலை. ராகிக் கூழை ஆறவைத்து மூங்கில் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம்.

கன்றைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சல் கண்ட அன்றே அதைத் தாயிடமிருந்து பிரித்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் காலையில் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த கன்று முன்னங்கால் மடங்கி அப்படியே விழுந்தது. அதன் வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இந்தக் கிருமி இளங்கன்றுகளில் இதயத் தசையையே தாக்கும், பாலிலும் இறங்கும் என்று பிறகு வந்த கால்நடை மருத்துவர் சொன்னார். காப்பீடு பசுவுக்கு மட்டும்தான், அதுவும் இறந்தால்தான். பசு உயிரோடு இருந்ததால் கையில் ஒரு பைசா வரவில்லை.

பால் 11 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு வந்தது. மடியில் புண் வந்து ஒரு காம்பு அடைபட்டே போயிற்று. அது எங்கள் வீட்டுக் கணக்கு. ஊர்க்கணக்கு இன்னும் பெரியது. இரண்டு வாரத்தில் பாதித் தொழுவங்களில் நோய். சொசைட்டிக்குச் சேரும் பால் குறைந்ததும், இவ்வளவுக்காக மலையேறி வருவது கட்டாது என்று பால் வண்டி நின்றது. நோயே வராத மாடு வைத்திருந்தவர்களும் பாலை ஊற்ற இடமில்லாமல் திண்டாடினார்கள். வாடிக்கையாக வாங்கிய டீக்கடைகள்கூட எங்கள் ஊர்ப் பால் வேண்டாம் என்றன. காய்ச்சிய பாலால் மனிதருக்கு ஆபத்தில்லை என்று யார் சொல்லியும் பயம் போகவில்லை.

மகளிர் குழுவில் 12 பேர். ஐந்து பேர் வீட்டில் மாடு படுத்துவிட்டது. ஐந்து பேர் தவணை கட்டாவிட்டால் மற்ற ஏழு பேர் தலையில் விழும். அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடித்தவர்கள் கூட்டத்தில் முகம் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். அம்மா தன் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அத்தைதான் சமவெளிச் சந்தையில் ஒரு மாடு வாங்கி வந்து, அன்றே மற்ற மாடுகளோடு கட்டியிருந்தார். முதலில் எச்சில் ஒழுகியது அதற்குத்தான். நோய்க்குறி தெரியும் முன்பே மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும், அத்தைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஊரே அவரைப் பழித்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவர் மாட்டை விடாதே என்றார்கள். நாங்களும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது, ஏனென்றால் எங்கள் தவறு சிறியதல்ல. முந்தைய தடுப்பூசி முகாமில் மாடு சினை, ஊசி போட்டால் கலைந்துவிடும் என்றோம். அடுத்த முகாமில் ஈன்ற பச்சை உடம்பு, பால் குறையும் என்றோம். ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் கன்றுக்கும் எதிர்ப்புச் சக்தி போயிருக்கும். 2019லிருந்து தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகவே போடுகிறார்கள். நாங்கள்தான் இரண்டு முறை திருப்பி அனுப்பினோம்.

பூண்டுக்கும் அடி விழுந்தது. ஐப்பசி நடவுக்குத் தொழுவுரம் அள்ள வேண்டிய நேரம். சாணியிலும் கிருமி இருக்கும் என்பதால் குப்பையைக் கிளறாமல் மூடிப்போடச் சொன்னார் மருத்துவர். கீழேயிருந்து லாரி எரு வாங்கக் காசில்லை. அந்த வருடம் பாதி நிலத்தில்தான் பூண்டு வைத்தோம்.

நீங்கள் மாடு வைத்திருப்பவர் என்றால்: புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள், அதற்குத் தனி வாளி வையுங்கள். காய்ச்சல் கண்டால் முதல் வேலை கன்றைப் பிரிப்பது. நோய்த் தொழுவத்துக்குப் போன காலோடு அடுத்த தொழுவத்தில் நுழையாதீர்கள், சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் காலையும் செருப்பையும் கழுவுங்கள். நோய் இருக்கும்போது காட்டோரம் மேய்க்கவும் வேண்டாம். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடுகள் நம் தோட்டம் வரை வருகின்றன, அவற்றுக்கும் இது ஒட்டும். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் அரைத்து வாயில் தடவும் மருந்தை நாங்களும் கொடுத்தோம். புண் எரிச்சல் தணிந்து மாடு தின்ன ஆரம்பித்தது. ஆனால் அது ஊசிக்கு மாற்று ஆகாது.

அந்தப் பசு பிழைத்துக்கொண்டது. அடுத்த சினை பிடிக்க ஒன்றரை வருடம் ஆனது, கறவை 6 லிட்டரைத் தாண்டவே இல்லை. நோய் விட்டுப்போன குறையாக உடம்பெல்லாம் முடி நீளமாக வளர்ந்து, காலைப் பத்து மணி வெயிலுக்கே நாக்கைத் தள்ளி இரைக்கிறது. நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும் குளிரில் அதற்கு மூச்சு வாங்குகிறது. தரகர் இரண்டு முறை வந்து அடிமாட்டு விலை கேட்டுப் போனார். அம்மா கொடுக்கவில்லை. அதற்குக் காற்று வர வேண்டும் என்று தொழுவத்தின் வடக்குப் பக்கத்தில் இரண்டு பலகையைக் கழற்றி வைத்திருக்கிறார்.