கேள்வி நேரம்: மலைப் பள்ளிகளில் மூளை வினாடி வினா

கேள்வி: நீலகிரி மாவட்டப் பள்ளிகளை அழைத்து, மூளையும் நரம்பும் பற்றிய வினாடி வினா நடத்த இருக்கிறோம். 12 பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு பேர், ஒரே நாள். எந்த மாதம் வைக்கலாம்? என்னென்ன சுற்றுகள்?
– ஆசிரியை, கோத்தகிரி

பதில்: மாதத்தை மழையும் தேர்வும் முடிவு செய்துவிடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பாதைகளில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. மிஞ்சுவது பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரும் இரண்டு வாரம்தான். 10, 12ஆம் வகுப்புகளை விட்டுவிட்டு, அணிக்கு 9இல் ஒருவர், 11இல் ஒருவர் என்று கேளுங்கள். பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நரம்பு மண்டலப் பாடத்தை ஒரு மாதம் முன்பே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

பந்தலூரிலிருந்து ஊட்டிக்கே பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். கோத்தகிரிக்கு அதற்கும் மேல். ஆகவே பத்தரைக்கு முன் தொடங்க வேண்டாம். முதலில் எழுத்துத் தேர்வு: 30 கேள்வி, 30 நிமிடம், இருவரும் தனித்தனியாக எழுதட்டும், இருவர் மதிப்பெண்ணின் சராசரி அணிக்கு. அடுத்தது மேசைச் சுற்று. 12 மேசை போட்டு, பத்தில் மட்டும் கேள்வி வையுங்கள், இரண்டு காலி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த மேசை. நகர்வதற்குப் பத்து விநாடி. பதினைந்து நிமிடத்துக்குள் 12 அணியும் ஒரு சுற்று முடித்துவிடும். மேசைகளை நெருக்கிப் போட்டால் அணிக்குள் கிசுகிசுப்பது பக்கத்து அணிக்குக் கேட்கும். ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், நடுவே அட்டையைத் தடுப்பாக நிறுத்துங்கள்.

எழுத்துக்கு 30, மேசைக்கு 20 (கேள்விக்கு இரண்டு) என்று கூட்டி, முதல் ஆறு அணிகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடை ஏற்றலாம். மேடையில், விடை தெரியாத கேள்வியை அடுத்த அணிக்குத் தள்ளும் ‘பாஸ்’ முறை வேண்டவே வேண்டாம். வலுவான அணிக்கு அடுத்து உட்காரும் அணிக்குக் கேள்வியே வந்து சேராது. ஒருவருக்குச் சுலபமானது, இன்னொருவருக்குக் கடினமானது என்று சண்டையும் வரும். ஒரே கேள்வியை ஆறு அணிக்கும் கேளுங்கள், சிலேட்டில் எழுத 20 விநாடி கொடுங்கள், எல்லாரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டட்டும். 20 கேள்வி அரை மணி நேரத்தில் முடியும்.

கேள்வி: கேள்வித்தாள் தயாரிக்கும்போது எதில் கவனம் வேண்டும்? சென்ற முறை ஒரு போட்டியில் ‘மூளையில் எத்தனை நியூரான்’ என்ற கேள்வியிலேயே தகராறு ஆகிவிட்டது.
– வாசகர், கூடலூர்

பதில்: தகராறு வந்ததில் வியப்பில்லை. நியூரான் என்னும் நரம்பு செல்கள் 10,000 கோடி என்கின்றன பழைய புத்தகங்கள். 2009இல் வெளியான கணக்கெடுப்பு சுமார் 8,600 கோடி என்றது. இரண்டு பிள்ளைகளும் ‘படித்ததைத்தான்’ எழுதியிருப்பார்கள். நியூரானைப் போலப் பத்து மடங்கு கிளியா செல்கள் (நியூரானுக்குத் துணை நிற்பவை) உண்டு என்பதும் பழைய கணக்கு. இப்போது கிட்டத்தட்ட சமம் என்கிறார்கள். எண்ணிக்கை கேட்டே ஆகவேண்டும் என்றால் மாறாததைக் கேளுங்கள்: மூளை நரம்புகள் 12 இணை, தண்டுவட நரம்புகள் 31 இணை.

‘மிக நீளமான மூளை நரம்பு எது?’ என்பது இன்னொரு பொறி. உடலுக்குள் வெகுதூரம் ஓடுவது, இதயம், வயிறு வரை போகும் வேகஸ். மண்டையோட்டுக்குள் நீளமாக ஓடுவது நான்காவது நரம்பான ட்ராக்ளியர். ‘மண்டையோட்டுக்குள்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்காவிட்டால் இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும். ‘நினைவு எங்கே சேமிக்கப்படுகிறது?’ என்று கேட்டு, மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை விடையாக வைப்பவர்கள் பலர். புதிய நினைவு உருவாக அது தேவை. எல்லா நினைவும் அங்கேயே தங்குவதில்லை. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், நாக்கின் நுனியில்தான் இனிப்பு தெரியும், வலது மூளைக்காரர் கலைஞர் போன்ற வாட்ஸ்அப் சரக்கு விடையாக நுழைந்துவிடாமல் பாருங்கள். சரியா தவறா என்று கேட்பதற்கு மட்டும் இவை உதவும்.

பெயரைக் கேட்பதை விடக் காரணத்தைக் கேட்பது நல்லது. 1921இல் ஆட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தின் மீது விட்டார், அதுவும் மெதுவானது. இதிலிருந்து என்ன தெரிகிறது? நரம்பு வேதிப்பொருள் மூலம் செய்தி அனுப்புகிறது என்று எழுதினால் முழு மதிப்பெண். உள்ளூரிலேயே ஒன்று இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு அதன் பெயர் சேர்ந்தே வரும். ‘காலில் கடித்ததை விட முகத்தில் கடித்தது ஏன் அதிக ஆபத்து?’ என்று கேளுங்கள். வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, முகத்திலிருந்து தூரம் குறைவு, அங்கே நரம்புகளும் அதிகம் என்பது விடை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இது மனப்பாடக் கேள்வி அல்ல, வீட்டுக் கவலை.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ‘ஏற்கத்தக்க விடைகள்’ என்று ஒரு வரி எழுதி, இருவர் சரிபார்த்துவிட்டால் மேடையில் நடுவர் யோசிக்க வேண்டியதில்லை. கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். விடை எதில் இருந்தாலும் சரி, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள்.

கேள்வி: மேசைச் சுற்றில் நிஜ மூளை வைக்கலாமா? ஆட்டு மூளை போதுமா?
– உயிரியல் ஆசிரியர், குன்னூர்

பதில்: போதும். ஆனால் மட்டன் கடையில் கிடைக்கும் மூளை பெரும்பாலும் தலையை இரண்டாகப் பிளந்து எடுத்தது. சிறுமூளை கிழிந்திருக்கும், மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி மண்டையோட்டுக் குழியிலேயே தங்கிவிட்டிருக்கும். கடைக்காரரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி, மண்டையோட்டின் மேல்மூடியை மட்டும் வெட்டி முழு மூளையாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது.

புதிய மூளை மிக மென்மையானது; கையில் எடுத்தாலே வடிவம் குலையும். திசு கெடாமல் காக்கும் பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் (கடை ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு) மூளையின் அளவைப் போலப் பத்து மடங்கு ஊற்றி, இரண்டு வாரம் வைத்தால் இறுகும். அடியில் பஞ்சு மெத்தை போடுங்கள், இல்லையென்றால் பாத்திரத்தில் பட்ட பக்கம் தட்டையாகிவிடும். போட்டிக்கு முதல் நாள் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.

நம் மலையில் கூடுதலாக இரண்டு சிக்கல். குளிரில் ஃபார்மலின் கெட்டியாகிப் புட்டிக்கு அடியில் வெள்ளையாகப் படியும். மேலே நிற்கும் திரவத்தில் வீரியம் குறைந்திருக்கும், மூளை இறுகாது. புதிதாக வாங்கி, 15 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வையுங்கள். இரண்டாவது, குளிருக்கு ஜன்னலை எல்லாம் மூடிய அறையில் ஃபார்மலின் ஆவி தேங்கும். கண் எரியும், உடலுக்கும் நல்லதல்ல. மூளை மேசைக்கு மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கையுறை கட்டாயம். பயன்படுத்திய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், ஏதாவது கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் சொல்லி ஒப்படையுங்கள்.

கொடி குத்திய ஊசியால் பகுதியைக் காட்டும்போது, ‘ஊசி குத்தியிருக்கும் பகுதி’ என்று தெளிவாக எழுதுங்கள். ஆட்டுக்கு முகர்தல் குமிழ் பெரியது. சிறுமூளை பெருமூளைக்கு அடியில் இல்லாமல் பின்னால் இருக்கும். மனித மூளைப் படத்தை மட்டும் பார்த்த பிள்ளை திணறாமல் இருக்க, அருகில் ஒரு மனித மூளை மாதிரியை வையுங்கள். இறைச்சியைத் தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே கேள்விகள் கொண்ட புகைப்பட அட்டை தயாராக இருக்கட்டும்.

கேள்வி: நோயாளி போல ஒருவரை நடிக்கவைத்து நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சுற்று வைக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: நடிப்பு வேண்டாம். வலிப்பை நடித்துக் காட்டுவது, அதே நோய் உள்ள ஒரு பிள்ளை அரங்கில் இருந்தால் பெரிய காயம். அட்டையில் எழுதிக் கொடுங்கள்: ‘வயது 64. சும்மா இருக்கும்போது வலது கை நடுங்குகிறது, டம்ளரை எடுத்தால் நின்றுவிடுகிறது. நடை மெதுவாகி, கையெழுத்து சிறுத்துவிட்டது.’ பார்கின்சன் என்பதற்கு 2, பாதிக்கப்படும் பகுதி நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பதற்கு 2, அங்கே குறையும் வேதிப்பொருள் டோபமின் என்பதற்கு 1. ‘எடுத்தால் நிற்கிறது’ என்ற குறிப்பை விட்டுவிட்டால் வேறு நடுக்க நோய்களும் பொருந்திவிடும். அட்டைகளை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் பஸர் செய்தோம். யாரும் அழுத்தாமலே விளக்கு எரிகிறது. பவர் பேங்கும் அடிக்கடி அணைந்துவிடுகிறது.
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், ஊட்டி

பதில்: பித்தானுக்குப் போகும் நீள ஒயர் ஆன்டெனா போல இரைச்சலை வாங்குகிறது. பித்தானை அழுத்தாதபோது சிக்னலை 5 வோல்ட்டில் பிடித்து வைக்க பலகைக்குள்ளேயே இருக்கும் ‘புல்-அப்’ ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, அது போதாது. 5 வோல்ட்டிலிருந்து, பித்தான் இணைத்த பின்னுக்கு (pin) வெளியே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, சிக்னல் ஒயரையும் கிரவுண்ட் ஒயரையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். பவர் பேங்க், மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து அணைகிறது. ஆறு பென்டார்ச் பேட்டரியை வரிசையாக இணைத்து பலகைக்கு மின்சாரம் வாங்கும் விஐஎன் (VIN) பின்னில் கொடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து நடுவர் காரில் வருகிறார். வேறு என்ன ஏற்பாடு வேண்டும்?
– அதே கோத்தகிரி ஆசிரியை

பதில்: வெளியூர்ப் பதிவெண் வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் (இணையவழி அனுமதி) முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள். சமநிலை வந்தால் கேட்க, மூன்று கூடுதல் கேள்வி மூடிய உறையில் இருக்கட்டும்.