வைஃபுக்கு முதல் துப்பாக்கி – கடிதமும் பதிலும்

அக்காவுக்கு வணக்கம்,

நீங்க ரேஞ்சுக்கு போய் சுடப் பழகினத பத்தி முன்னாடி எழுதியிருந்தீங்க, அத படிச்சதுலேர்ந்து உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். நாங்க ஹூஸ்டன் பக்கம் கேட்டியில இருக்கோம். வைஃப் ஒரு ஃபார்மசியில ஈவ்னிங் ஷிஃப்ட், வீடு வந்து சேர பதினொன்னரை ஆயிடும். நான் கன்சல்டிங், திங்கக்கிழமை காலைல ஃப்ளைட் ஏறினா வியாழன் நைட்டுதான் திரும்புவேன். கொஞ்ச நாள் முன்னாடி எங்க தெருவுலயே ஒரு தெலுங்கு ஃபேமிலி கல்யாணத்துக்கு போயிருந்தப்ப வீட்ட உடைச்சு நகையெல்லாம் அள்ளிட்டு போய்ட்டாங்க. அதுலேர்ந்து அவ சரியா தூங்கறதே இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு வந்தாச்சு. ஆஃபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு, லேடீஸுக்கு சின்ன ரிவால்வர்தான் பெஸ்ட், ஜாமே ஆகாது, எடுத்து அழுத்தினா போதும்ங்கறான். பிங்க் கலர்ல ஒரு .38 ரிவால்வர் பாத்து வெச்சிருக்கேன், பர்த்டேக்கு சர்ப்ரைஸா குடுக்கலாம்னு. வாங்கலாமா? பசங்களுக்கு 6 வயசு, 11 வயசு. இன்னொன்னு, நவம்பர்ல எங்க அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசம் இருக்கப் போறாங்க, அவங்ககிட்ட இத சொல்லணுமா வேணாமா?

– பெயர் வேண்டாம், கேட்டி

தம்பி,

வேணாம். அந்த பிங்க்கும் வேணாம், சர்ப்ரைஸும் வேணாம். துப்பாக்கியே வேணாமான்னு கேட்டா, அத நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சுட்டேன், அதுல உங்க ஃப்ரெண்டு பேசறான், நீங்க பேசறீங்க, உங்க வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசல. தூங்கறதில்லன்னு எழுதியிருக்கீங்க சரி, துப்பாக்கி வேணும்னு அவங்க கேட்டதா எங்கயும் இல்லையே. முதல்ல உக்காந்து அத கேளுங்க. விருப்பமில்லாதவங்க கைல குடுத்த துப்பாக்கி டிராயர்ல துணிக்கு அடியில கெடக்கும், அவங்களுக்கு உதவாது, ஆனா பசங்க கண்ணுல என்னிக்காவது பட்டுடும்.

அப்புறம் எதுக்கு பயம்னு பிரிச்சு பாருங்க. உங்க தெருவுல நடந்தது ஆளில்லாத வீட்டுல நடந்த திருட்டு. நம்மாளுங்க வீட்டுல தங்கம் இருக்கும்னு இங்க திருடனுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, அதுக்கு மருந்து பேங்க் லாக்கர், கேமரா, நல்ல டெட்போல்ட். ஆளில்லாத வீட்டுல துப்பாக்கி இருந்தா நகையோட அதையும் சேர்த்து எடுத்துட்டு போவான், அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்கு பார்க்கிங் லாட்ல தனியா நடக்கறது, கராஜ் கதவு மூடறதுக்குள்ள எவனாவது பின்னாடியே நுழைஞ்சிடுவானோங்கறது, நீங்க இல்லாத நாலு நாள் ரெண்டு குழந்தைங்களோட படுக்கறது, இதெல்லாம் வேற வகை பயம். இதுல சிலதுக்கு துப்பாக்கி உதவலாம். ஆனா பார்க்கிங் லாட் பயத்துக்காக வாங்கினா அவங்க வேலை செய்யற எடத்துல உள்ள கொண்டு போக விடுவாங்களான்னு பாக்கணும், பெரும்பாலான கம்பெனியில விட மாட்டாங்க. டெக்சஸ்ல 2011லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, பூட்டின காருக்குள்ள வெச்சுக்கறத பெரும்பாலும் முதலாளி தடுக்க முடியாது. ஆனா காருக்குள்ள இருக்கற துப்பாக்கி கடை வாசல்லேர்ந்து கார் வரைக்கும் நடக்கற அந்த ரெண்டு நிமிஷத்துக்கு எந்த விதத்துலயும் உதவாது, அதுக்கு கூட வேலை செய்யற ஒருத்தர் துணைக்கு வர்றதும் வெளிச்சத்துல காரை நிறுத்தறதும்தான். காரை உடைச்சு துப்பாக்கி திருடறதும் இங்க தினப்படி நடக்கறது.

சரி, அவங்களே வேணும்னு சொல்லிட்டாங்கன்னு வெச்சுப்போம்.

சட்டப்படி புருஷன் காசு போட்டு வாங்கி பொண்டாட்டிக்கு பரிசா குடுக்கலாம், அவங்க வெச்சுக்க தகுதி இருக்கறவங்களா இருந்தா தப்பில்ல. அடுத்தவங்க காசு குடுத்து அவங்களுக்காக நீங்க, கடையில துப்பாக்கி வாங்கறப்ப ஃபில் பண்ற ஃபார்ம் 4473ல, நான்தான் உண்மையான பையர்னு கையெழுத்து போட்டாதான் பிரச்சனை, 2014ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்குல அத உறுதி பண்ணிடுச்சு, அதுல வாங்கினவரு பெரியப்பாவோ மாமாவோ ஒரு சொந்தக்காரருக்குதான் வாங்கினாரு, அவருக்கும் துப்பாக்கி வெச்சுக்க தகுதி இருந்துச்சு, அப்பவும் விடல. இருந்தாலும் நான் சொல்றது, கவுண்டர்ல உங்க வீட்டுக்காரம்மாவே நின்னு அவங்க ஐடி, அவங்க கிரீன் கார்டு குடுத்து அவங்களே ஃபார்ம் ஃபில் பண்ணட்டும். பேக்கிரவுண்டு செக் அவங்க பேர்ல ஓடட்டும், அவங்களோட பொருள்ங்கற நினைப்பு அங்கயே வரட்டும்.

இத படிக்கற ஹெச்1பி, ஹெச்4 ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா இது தெரியாமயே நிறைய பேர் ஃப்ரெண்ட்ஸோட ரேஞ்சுக்கு போறாங்க. ஃபெடரல் சட்டப்படி நான்-இமிக்ரன்ட் விசாவுல, அதாவது தற்காலிக விசாவுல, வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கைல வெச்சிருக்கவே கூடாது. சில விதிவிலக்குதான், அதுல நம்மாளுங்க பயன்படுத்தறது ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகற ஹண்டிங் லைசன்ஸ். டெக்சஸ் ஹண்டிங் லைசன்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சிடும், புதுப்பிக்க மறந்தா செப்டம்பர் 1 காலைல அலமாரியில இருக்கற துப்பாக்கி ஃபெடரல் குற்றம், இமிக்ரேஷன் வக்கீல கேக்காம இதுல எறங்காதீங்க.

இப்ப அந்த ரிவால்வர். உங்க ஃப்ரெண்டு சொன்னது அந்தக் காலத்துலேர்ந்து கடைக்காரங்க சொல்லிட்டு வர்ற வசனம். லேடீஸ் வந்தா கண்ணாடி ஷெல்ஃபுலேர்ந்து சின்னதா ஒன்ன எடுத்து நீட்டுவாங்க, அதுவும் கூட வந்த புருஷன் மூஞ்சிய பாத்து பேசிக்கிட்டே. கை சின்னது, அதனால துப்பாக்கியும் சின்னதா இருக்கணும்னு ஒரு கணக்கு. நிஜத்துல கணக்கு தலைகீழ். அலுமினியம் ஃபிரேம் போட்ட அந்த குட்டி .38 ரிவால்வர் 400 கிராம் சொச்சம்தான் இருக்கும், கைல எடுத்தா அடடான்னு இருக்கும், சுட்டா அந்த உதை மொத்தமும் உள்ளங்கையில வந்து எறங்கும். கனமான துப்பாக்கின்னா அந்த உதைய தானே வாங்கிக்கும். ட்ரிக்கரும் அப்படித்தான், டபுள் ஆக்ஷன்ல, அதாவது ஒரே இழுப்புல சுத்தியல ஏத்தி சுடறதுல, கிட்டத்தட்ட 5 கிலோ பலத்துக்கு இழுக்கணும், மெலிஞ்ச விரல் இழுக்கறதுக்குள்ள மொத்த துப்பாக்கியும் ஆடி குண்டு எங்கயோ போகும். உள்ள அஞ்சே அஞ்சு குண்டு. எங்க ரேஞ்சுல பக்கத்து லேன்ல ஒரு பொண்ணு, புருஷன் ஆசையா வாங்கிக் குடுத்தது, முதல் குண்டு சுட்டதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற தோல் செவந்து போச்சு, ரெண்டாவது குண்டுக்கு முன்னாடியே கண்ண இறுக்க மூடிக்கிச்சு, மூணாவதுக்கு மேல சுடல, கவுண்டர்ல வெச்சுட்டு வெளிய போய் உக்காந்துடுச்சு. ரிவால்வர் ஜாம் ஆகறது அபூர்வம்தான், ஆனா எடுத்து பழகவே மனசு வராத துப்பாக்கி ஜாம் ஆகாம இருந்து என்ன பண்றது?

அதனால வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து சுட வைக்கற ரேஞ்சுக்கு போங்க, ஹூஸ்டன் சுத்தி அதுக்கு பஞ்சமில்ல. முதல்ல .22ல ஆரம்பிக்கட்டும் (இந்த நம்பரெல்லாம் குண்டோட அளவு), சத்தமும் உதையும் கம்மி, குண்டு விலையும் கம்மி. கை பழகினதும் 9 எம்எம். க்ளாக் 19 எடுத்து பாக்கட்டும், சிக் சௌவர் பி365 வகையறா பாக்கட்டும், ஸ்மித் அண்ட் வெஸன்ல ஷீல்டு ஈஸின்னு ஒன்னு 2018ல .380லயும் 2020ல 9 எம்எம்லயும் வந்துச்சு, ஸ்லைடு, அதாவது குண்டு ஏத்தறதுக்கு பின்னாடி இழுக்கற மேல்பாகம், அத இழுக்க கஷ்டப்படறவங்களுக்காகவே பண்ணது. வால்தர் பிடிபி எஃப் பெண்கள் கைய மனசுல வெச்சு டிசைன் பண்ணது, அதையும் கைல எடுத்து பாக்கலாம். இதுல எதையும் நான் ரெகமண்ட் பண்ணல, ஏன்னா அவங்க கைய நான் பாத்ததில்ல. பிடிய முழுசா பிடிச்சப்புறம் ஆள்காட்டி விரல் ட்ரிக்கர் மேல சிரமமில்லாம வருதா, கட்டைவிரல நகத்தாம, குண்டு அடுக்கற மேகசின கழட்டற பட்டன தொட முடியுதா, பத்து குண்டு சுட்டப்புறமும் இன்னும் சுடணும்னு தோணுதா, அத பாத்தா போதும்.

ஸ்லைடு இழுக்க முடியலன்னு நிறைய பெண்கள் இந்த 9 எம்எம் மாதிரி செமி-ஆட்டோமேடிக்க ஒதுக்கிடறாங்க. பெரும்பாலும் பலம் பத்தாம இல்ல, இழுக்கற விதம்தான். ரெண்டு விரலால கிள்ளி பின்னாடி இழுக்கப் பாத்தா யாருக்கும் வராது. துப்பாக்கிய நெஞ்சுக்கு கிட்ட கொண்டு வந்து, துப்பாக்கி முனை டார்கெட் பக்கமே இருக்கணும், ட்ரிக்கர்லேர்ந்து விரல் வெளிய இருக்கணும், இடது உள்ளங்கையால ஸ்லைட மேலேர்ந்து முழுசா பிடிச்சுக்கிட்டு வலது கையால துப்பாக்கிய முன்னாடி தள்ளணும். தள்ளறதுல உடம்பு பலம் மொத்தமும் வந்துடும். மேகசின்ல கடைசி ரெண்டு குண்டு ஏத்தறதுக்குள்ள கட்டைவிரல் போயிடும், அதுக்கு பிளாஸ்டிக்ல லோடர்னு ஒரு சின்ன சாமான் இருக்கு, அத வாங்கிக் குடுங்க, பர்த்டேக்கு கூட குடுக்கலாம்.

ரேஞ்சுக்கு கழுத்து இறங்கின குர்த்தா, சுடிதார் போட்டுட்டு போக வேணாம்னு சொல்லுங்க. சுட்ட குண்டோட காலி ஓடு சுடச்சுட தெறிச்சு வந்து கழுத்துக்குள்ள விழும், விழுந்ததும் கை தானா அத எடுக்கப் போகும், அந்த நேரத்துல இன்னொரு கைல இருக்கற துப்பாக்கி எந்த பக்கம் திரும்பும்னு யோசிச்சு பாருங்க. கழுத்து மூடின டீஷர்ட், மூடின ஷூ. இன்டோர்ல காதுக்குள்ள ஃபோம், மேல மஃப், ரெண்டும். முடிச்சப்புறம் கை கழுவாம எதையும் சாப்பிடக் கூடாது, ஈயத் தூள். கர்ப்பமா இருந்தா ரேஞ்சு பக்கமே வேணாம்.

நீங்க சொல்லிக் குடுக்காதீங்க. புருஷன் பொண்டாட்டிக்கு கார் ஓட்ட கத்துக்குடுத்த கதை நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கு, இதுல கைல இருக்கறது ஸ்டியரிங் இல்ல. பெண் இன்ஸ்ட்ரக்டர் கிடைச்சா நல்லது, ஏ கேர்ள் அண்ட் எ கன்னு பெண்களுக்கான சங்கம் டெக்சஸ்லதான் ஆரம்பிச்சது, ஊருக்கு ஊர் கிளை இருக்கு. நீங்க கண்ணாடிக்கு பின்னாடி நின்னு பாருங்க, போதும். 2021 செப்டம்பர்லேர்ந்து டெக்சஸ்ல 21 வயசு ஆனவங்க, சட்டத்துல தடை இல்லாதவங்க லைசன்ஸ் இல்லாமயே கைத்துப்பாக்கி எடுத்துட்டு போகலாம்தான், இருந்தாலும் அந்த லைசன்ஸுக்கான எல்டிசி க்ளாஸ் போகட்டும், எங்க கொண்டு போகக் கூடாது, எப்ப சுட்டா நாம ஜெயிலுக்கு போவோம்னு அங்க சொல்லித் தருவாங்க. சுடற டெஸ்ட்ல 3 கஜம், 7 கஜம், 15 கஜத்துல மொத்தம் 50 குண்டு, 250க்கு 175 எடுத்தா பாஸ்.

பசங்க விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் பெருசு. 17 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளை கைக்கு லோடு பண்ண துப்பாக்கி எட்டற மாதிரி அஜாக்கிரதையா வெச்சா டெக்சஸ்ல பெத்தவங்க மேல கேஸ். சட்டத்த விடுங்க, 11 வயசு பையனுக்கு உங்க ஃபோன் பாஸ்வேர்ட் தெரியும்தான? அலமாரி உச்சியில ஒளிச்சு வைக்கறதெல்லாம் ஒளிக்கறதே இல்ல. பட்டன் அழுத்தி திறக்கற சின்ன மெக்கானிக்கல் சேஃப், பேட்டரி தீர்ந்து போற வேலை இல்ல, கட்டிலோடயோ சுவரோடயோ போல்ட் போட்டு முடுக்கினது, நம்பர் யாரோட பிறந்த நாளும் இல்லாதது. ஹேண்ட்பேக்ல மட்டும் வேணாம். 2014 டிசம்பர்ல ஐடஹோவுல ஒரு கடையில ஒரு அம்மாவ அவங்க ரெண்டு வயசு குழந்தையே சுட்டுடுச்சு, துப்பாக்கிக்குன்னே தனி ஜிப் வெச்ச ஹேண்ட்பேக், கிறிஸ்மஸுக்கு புருஷன் வாங்கிக் குடுத்தது. அவங்க துப்பாக்கி பழக்கம் இல்லாதவங்களும் இல்ல.

நம்ம வீடுகள்ல பேசவே பேசாத ஒன்னும் இருக்கு. 2021ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,328 பேர் தன்னைத்தானே சுட்டுக்கிட்டவங்க. கலிபோர்னியாவுல லட்சக்கணக்கான ஆளுங்கள வருஷக்கணக்கா பாத்து 2022ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கைத்துப்பாக்கி வெச்சிருக்கறவரோட ஒரே வீட்டுல இருக்கறவங்க கூட வாழ்ற துணையால சுடப்பட்டு சாகறது, துப்பாக்கி இல்லாத வீட்ட விட ஏழு மடங்கு, செத்தவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். உங்க வீட்ட பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது, கேக்கவும் போறதில்ல. வீட்டுல யாருக்காவது டிப்ரஷன் இருந்தா, சண்டை வந்தா கை நீளற பழக்கம் இருந்தா, தூக்கமில்லாதது திருடன் பயத்துனாலதானான்னு சந்தேகம் இருந்தா, கடைக்கு போகாதீங்க. நைட்டு தூக்கமில்லாதவங்கள முதல்ல கூட்டிட்டு போக வேண்டியது டாக்டர்கிட்ட.

கடைசியா அப்பா அம்மா. சொல்லிடுங்க, வந்த முதல் நாளே. நம்ம அம்மாங்க வந்த ஒரு வாரத்துக்குள்ள வீட்டுல இருக்கற அத்தனை அலமாரியும் காலி பண்ணி தொடைச்சு பேப்பர் விரிச்சிடுவாங்க, அந்த பெட்டி என்னன்னு தெரிஞ்சிருக்கணும், நம்பர் தெரிய வேணாம். அப்பா பாவம் ஆசைப்படறாரு ஒரு நாள் ரேஞ்சுக்கு கூட்டிட்டு போகலாம்னு நினைச்சா, அவரு வர்றது விசிட்டர் விசா, நான் மேல ஹெச்1பிக்கு சொன்ன அதே சட்டம் அவருக்கும். திரும்பி ஊருக்கு போறப்ப அவங்களுக்கு பேக் குடுக்கறீங்கன்னா ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பேக்க குடுத்துடாதீங்க. சைடு ஜிப்புல மறந்து கெடந்த ஒரே ஒரு தோட்டா ஸ்கேனர்ல தெரிஞ்சா இந்தியாவுல எந்த ஏர்போர்ட்லயும் ஆர்ம்ஸ் ஆக்ட்ல கேஸ். தெரியாம இருந்துச்சுன்னு டெல்லி ஹைகோர்ட் இப்படி நிறைய கேஸ ரத்து பண்ணியிருக்கு, ஆனா அதுவரைக்கும் ஃப்ளைட்டும் போச்சு, ஊருக்கு வந்த லீவும் போச்சு. ரேஞ்சுக்குன்னு தனியா ஒரு மட்டமான பேக் வாங்கி அத கராஜ்லயே வெச்சுடுங்க.