டிசம்பரில் இலங்கை: கிழக்குக் கடலை விட்டுவிடுங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் எட்டு நாள் இலங்கைக்கு வருகிறோம். நான், மனைவி, 14 வயது மகன், 11 வயது மகள். மலையேற்றம், ராஃப்டிங், பவளப்பாறை பார்ப்பது என்று வெளியிலேயே நாட்களைக் கழிக்க ஆசை. பயண முகவர் முதல் மூன்று நாளைத் திருகோணமலையில் போட்டு, நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் போய் ஸ்நோர்கெலிங் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் எல்ல, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, கித்துல்கல. இது சரிவருமா? (மதுரை வாசகர்)

பதில்: முதல் மூன்று நாள் சரிவராது. மீதியையும் வரிசை மாற்றிப் போட வேண்டும்.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகலாம் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கம் மழையைக் கொட்டி, நடுவிலுள்ள மலைகளில் மோதி மிச்ச ஈரத்தையும் அங்கேயே இறக்கிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாக இறங்கும். கிழக்கில் இதைக் கச்சான் என்பார்கள். அந்த மாதங்களில் திருகோணமலைக் கடல் குளம் போலக் கிடக்கும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வாடைக்காற்று நேராகக் கிழக்குக் கரையில் அடிக்கிறது. திருகோணமலைக்கு ஆண்டின் பெருமழையே நவம்பர், டிசம்பரில்தான். அலை மணலைக் கிளப்ப, ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து சேர்க்க, தண்ணீருக்குள் கையை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல். படகே போகாத நாட்களும் உண்டு. போனாலும் பிள்ளைகளை அந்தக் கடலில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

புறாமலை அருமையான இடம். பவளப்பாறைமேல் மிதந்தபடியே கருநுனிச் சுறாக்களைப் பார்க்கலாம். அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. அதை மே மாத விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பள்ளி மூடியிருக்கும் நேரத்தில் எங்கள் கிழக்குக் கடல் திறக்கிறது.

இப்போது உங்களுக்கு ஏற்றவை தென்மேற்குக் கரையும் மலையின் மேற்குப் பக்கமும். விமான நிலையத்திலிருந்து முதலில் கித்துல்கல போங்கள். கொழும்பு–ஹட்டன் வழியிலேயே இருப்பதால் சுற்று இல்லை. களனி ஆற்றில் ராஃப்டிங், புதியவர்களுக்கும் ஏற்ற அளவு வேகம். சிறுவர்களை எந்த வயதிலிருந்து ஏற்றுவார்கள் என்பது நடத்துகிறவருக்கு நடத்துகிறவர் வேறுபடும், அதனால் மகளின் வயதைச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். ஏறுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டி இறுக்கியபின், மகளின் இரு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது அவளுக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் அவள் கீழே நழுவிவிடுவாள். சின்ன அளவு கேளுங்கள். இல்லை என்றால் அவள் கரையில் இருக்கட்டும். இன்னொன்று, ஆற்றின் மேல்பகுதியில் மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, மழையும் மேலேதான் பெய்யும். குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறிவிடுங்கள். உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும்தான்.

அங்கிருந்து ஹட்டன் வழியாக, சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி. சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியன்று தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அந்த மாதங்களில்தான் வழி நெடுக விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். உச்சி 2,243 மீட்டர், படிகள் 5,000க்கும் மேல். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு முடியாத ஏற்றமல்ல. மூன்றரை, நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டு அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் சூரிய உதயத்துக்குப் போய்ச் சேரலாம். சனி, ஞாயிறும் பௌர்ணமியும் வேண்டாம். கடைசிப் படிகளில் கூட்டம் நெருங்கி, அசைய முடியாமல் நின்றே விடிந்துவிடும்.

பலர் அங்கே கஷ்டப்படுவது ஏறும்போது அல்ல, ஏறி முடித்த பின். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நின்றால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். ஆளுக்கொரு உலர்ந்த பனியனும் ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துப் போங்கள். மேலே போனதும் முதல் வேலை உடை மாற்றுவது. எல்லோரும் கிழக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் எழுந்த சில நிமிடங்களில் நீங்கள் மேற்குப் பக்கம் திரும்புங்கள். மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக மேகத்தின்மேல் விழுந்திருக்கும். எனக்கு உதயத்தைவிட அதுதான் பிடிக்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். படியில் குதிக்காமல் பக்கவாட்டில் பாதம் வைத்து இறங்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மறுநாள் மலையேற்றம் எதுவும் வைக்காதீர்கள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையகத் தமிழர். நேற்றிரவு மேலே மழையா, வழி எப்படி என்று தமிழிலேயே அவர்களிடம் கேளுங்கள். தொலைபேசியில் பார்க்கும் வானிலையைவிட நம்பகமான பதில் கிடைக்கும்.

அடுத்தது ஹோர்ட்டன் சமவெளி. உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளத்துக்குப் போய்வரும் சுற்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கே நுழைவாயிலில் இருங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குமேல் மேகம் ஏறிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும். நுழைவாயிலில் பையைத் திறந்து பொலித்தீன் உறைகளை வாங்கிவிடுவார்கள், அதனால் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். வழியில் நிற்கும் மரைகளுக்கு (நீங்கள் கடமான் என்பது) எதையும் ஊட்ட வேண்டாம்.

எல்ல என்ற ஊர் மலைநாட்டின் கிழக்குப் பக்கம் இருக்கிறது, வாடை மழை அங்கேயும் எட்டும். வானம் வெளுத்திருந்தால் அங்குள்ள லிட்டில் ஆடம்ஸ் பீக் என்ற சிறு குன்றில் மட்டும் ஏறுங்கள், இல்லாவிட்டால் தயங்காமல் கடந்துவிடுங்கள். யாராவது நக்கிள்ஸ் மலைக்கு அழைத்தாலும் இந்த மாதத்தில் மறுத்துவிடுங்கள். வழுக்கலும் அட்டையும்தான் மிஞ்சும். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல், வாய் பதிந்த இடத்தில் நகத்தை ஓட்டித் தள்ளுங்கள்.

கடலுக்கான மூன்று நாளைத் தெற்கில் கழியுங்கள். மலையிலிருந்து அங்கே இறங்க ஒரு பகல் முழுதும் போகும். பையன் அலைச்சறுக்கு கற்க வெலிகம நல்லது, அடியில் மணல். மிரிசையிலிருந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத்திமிங்கிலம் பார்க்கப் படகு போகும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைப் படகு புறப்படுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. திமிங்கிலத்தை விரட்டிப் போகாமல் தள்ளி நின்று காட்டும் படகாகப் பாருங்கள். பவளப்பாறைக்கு ஹிக்கடுவை. 1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததில் அது நிறைய இழந்தது, புறாமலையின் அழகை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஆமைகள் கரையோரமே வருகின்றன. ஆழம் குறைவென்று பவளத்தின்மேல் கால் ஊன்றக் கூடாது; அதுவும் சாகும், உங்கள் காலும் கிழியும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் மலையகத்தில் பல இடங்களில் மண்சரிந்து ஏராளமான உயிர்கள் போயின. எனவே மலையில் இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆம்பர், சிவப்பு என்று போனால், அறைக்குக் கட்டிய பணத்தைப் பார்க்காமல் அந்த மாவட்டத்தைத் தவிர்த்துத் தெற்குக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். இதற்காகவே மலை விடுதிகளை ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிவு செய்யச் சொல்லி, இந்த வாரமே முகவரிடம் பேசுங்கள்.