எக்செல்லில் இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் கூட்டுத்தொகை ஏன் பிழைக்கிறது?

கேட்டவர் ஏதோ சங்கத்துக்கோ கடைக்கோ கணக்கு எழுதுகிறவராகத்தான் இருக்கவேண்டும். வேறு யாருக்கும் இந்தத் தலையிடி வராது.

நீங்கள் இன்னும் மட்டந்தட்டவில்லை. இரண்டு தசமதானம் மட்டும் காட்டு என்று எக்செல்லிடம் சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உள்ளே பழைய எண் அப்படியே கிடக்கும். கூட்டும்போது அதைத்தான் எடுக்கும்.

எங்கள் பக்கம், இரணைமடுக் குளத்துக்குக் கீழே, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது. அவரவர் காணிக்கு ஏற்றபடி பங்கு பிரிப்பார்கள். ஒருமுறை நூற்றுக்கு 33 என்று முடிவானது. ஆளுக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் உள்ள மூன்று சகோதரர்களுக்குப் பங்கு 0.5775 ஏக்கர். அச்சடித்து வந்த பட்டியலில் மூன்று பேருக்கும் 0.58, அடியில் மொத்தம் 1.73. மூத்தவர் போனில் கூட்டிப் பார்த்தார், 1.74. பிறகென்ன, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அன்று வேறு கதையே நடக்கவில்லை. 0.01 ஏக்கர் என்பது வெறும் 40 சதுர மீற்றர்தான், ஆனால் பட்டியலில் பிழை என்றால் யாரோ சுருட்டிவிட்டார்கள் என்றுதானே சனம் நினைக்கும்.

அதைச் சரிக்கட்டிக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு வரியிலும் பெருக்கலை 'ரவுண்ட்' என்ற சார்புக்குள் போட்டு, கமாவுக்குப் பின் 2 என்று கொடுத்தேன். இப்போது கண்ணில் படும் எண்ணும் கூட்டப்படும் எண்ணும் ஒன்று. ஊர் முழுவதற்கும் கூட்டும்போது அனுமதித்த ஏக்கரைவிடக் கொஞ்சம் கூடியது; அதைப் பெரிய காணிக்காரரின் பங்கில் கழிப்பது என்று கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொண்டோம்.

கடைசியில் ஒரேயடியாகத்தான் மட்டந்தட்டவேண்டும் என்று கணித ஆசிரியர்மார் சண்டைக்கு வருவார்கள். சரிதான், நீள அகலம் அளந்து கணக்குப் பார்க்கும்போது அப்படித்தான் செய்யவேண்டும். 2.449ஐ முதலில் 2.45 ஆக்கி, அப்புறம் 2.5 ஆக்குவது பிழை. ஒரு தசமதானத்துக்கு அது 2.4தான். ஆனால் ஆளாளுக்குப் பங்கு எழுதிக் கையெழுத்து வாங்கும் பட்டியல் வேறு. பைதன் என்ற நிரல்மொழியில் 2.5ஐ மட்டந்தட்டினால் 2 வருகிறதே என்று கேட்கப்போகும் தம்பிமாருக்கு: அது நடுவில் நிற்பதை இரட்டை எண் பக்கம் தள்ளும், எக்செல் 3 தரும். இரண்டும் விதிதான்.

விதியே இல்லாமல் மட்டந்தட்டுவது நெல் வாங்க வருகிறவர்கள்தான். தராசில் 68.7 கிலோ விழும், சிட்டையில் 68 என்று எழுதுவார்கள். 68.9 என்றாலும் 68தான். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும்; எப்போதும் இறக்கினால் நூறு மூடைக்கு 45 கிலோ அளவில் போய்விடும். கழிவு என்று மூடைக்கு வெட்டுவது அதற்கு மேல். போன காலபோகத்தில் என் மகளைக் கொப்பியோடு தராசடியில் நிற்கவிட்டேன். தசமத்தோடு எழுதிக் கூட்டிக் காட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த மொத்தத்துக்குத்தான் காசு தந்தார்கள். கழிவை மட்டும் விடவில்லை.