சட்டப் பின்னணி இல்லாத நான் வணிகச் சட்டத் துறைக்கு ஏன் வர விரும்புகிறேன் என்பதை நேர்காணலில் எப்படி விளக்குவது?

நானும் இதே கேள்வியோடு இரண்டு வருடம் அலைந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் ஏதோ ஒரு வேலையில் இருந்துகொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள், "திடீரென்று சட்டம் எதற்கு?" என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது வேதியியல். பிறகு ஆறு வருடம் ஒரு பேக்கேஜிங் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவு. ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி இடத்துக்கான முதல் நேர்காணலில் "ஏன் வணிகச் சட்டம்?" என்றார்கள். வணிகமும் சட்டமும் சந்திக்கும் துறை, சவால் பிடிக்கும், பகுத்து ஆராயும் பழக்கம் உண்டு என்று மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தேன். எதிரே இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் எனக்கு முன்னால் உள்ளே போனவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

என்னுடைய உண்மையான காரணம் ஒரே ஓர் எழுத்து. வெளிநாட்டிலிருந்து இரண்டு கன்டெய்னர் காகித உருளைகள் வரவழைத்திருந்தோம். ஒன்றின் கூரையில் ஓட்டை, வழியில் தண்ணீர் இறங்கி பாதிச் சரக்கு ஊறிப்போயிருந்தது. ஒப்பந்தம் சிஐஎஃப், அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் செலவு. பணம் கட்டுபவன்தானே வழியில் கெட்டாலும் பொறுப்பு என்று மேலாளர் உட்பட நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் வெளியிட்டு வரும் இன்கோடெர்ம்ஸ் என்ற, யார் செலவு யார் அபாயம் என்று பிரித்துச் சொல்லும் விதிகளின்படி, சிஐஎஃப்பில் சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே அபாயம் வாங்குபவர் பக்கம் வந்துவிடுகிறது. கட்டணம் ஒருவருடையது, அபாயம் இன்னொருவருடையது. சரி, காப்பீடு இருக்கிறதே என்று பாலிசியை எடுத்துப் பார்த்தால் சி வகை. சிஐஎஃப்பில் விற்பவர் அந்தக் குறைந்தபட்ச வகையை எடுத்தாலே அவர் கடமை முடிந்தது. தீ, கப்பல் மூழ்குவது, மோதுவது, தரைதட்டுவது போன்றவைதான் அதில் வரும், கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்தது வராது.

சிஐஎஃப் என்ற இடத்தில் சிஐபி என்று இருந்திருந்தால்? அதிலும் சரக்குக் கட்டணமும் காப்பீடும் விற்பவர் செலவுதான். கன்டெய்னர் சரக்குக்குப் பொருத்தமானதும் அதுதான். வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை, 2020 பதிப்பின்படி சிஐபியில் விற்பவர் மிக விரிவான ஏ வகைக் காப்பீட்டை எடுத்தாக வேண்டும், தண்ணீர்ச் சேதத்துக்குப் பணம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அந்த ஆர்டரைத் தட்டச்சு செய்தது நான். பழைய ஆர்டரை நகலெடுத்து, தேதியையும் அளவையும் மட்டும் மாற்றினேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகு படிப்பதை நிறுத்த முடியவில்லை. 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பேக்ஸன்டேல் வழக்கில் ஒரு மாவு ஆலையின் இயந்திர அச்சு உடைகிறது, புதிய அச்சு செய்ய மாதிரியாக அதை எடுத்துப்போன சரக்குப் போக்குவரத்துக்காரர்கள் தாமதிக்கிறார்கள், ஆலை நின்றுபோகிறது. நின்ற நாட்களின் லாபத்தை அவர்களிடம் கேட்க முடியாது என்றது நீதிமன்றம், அந்த அச்சு இல்லாமல் ஆலை ஓடாது என்ற நிலைமை ஒப்பந்தத்தின்போது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்ற அடிப்படையில். இதைப் படித்தபோது நான் எழுதிய எத்தனை ஆர்டர்களில் அவசரம் என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது நேர்காணலில் இதை அப்படியே சொன்னேன். உடனே ஒரு மடக்கும் கேள்வி வந்தது: "அப்படியென்றால் கொள்முதல் பிரிவிலேயே இன்னும் நன்றாக வேலை செய்திருக்கலாமே, வழக்கறிஞர் ஆவது எதற்கு?" உங்களுக்கும் இது வரும், இதற்குத்தான் தயாராக வேண்டும். கொள்முதலில் இருந்தால் என் ஆர்டரை மட்டும்தான் திருத்த முடியும், கையெழுத்துக்கு முன்னால் இரண்டு தரப்பும் எதை யார் தாங்குவது என்று பேசும் மேசையில் உட்கார வேண்டும் என்றேன். அங்கிருந்து பேச்சு இருபது நிமிடம் போனது.

"ஒரு சம்பவத்தைச் சொன்னால் வேலை கிடைத்துவிடுமா?" என்று யாராவது கேட்பார்கள். கிடைக்காது. தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், ஐந்து வருடம் சட்டம் படித்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. ஆனால் வேறு பாடம் படித்துவிட்டு வருவது குறையே அல்ல. அமெரிக்காவில் வேறொரு பட்டத்துக்குப் பிறகுதான் பொதுவாகச் சட்டமே படிக்கிறார்கள், இந்தியாவில் எந்தப் பட்டத்துக்குப் பின்னும் மூன்று வருட எல்எல்பி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நேர்காணலுக்குப் பிறகு நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து குறிப்பு எழுதச் சொன்னார்கள். விடுப்பு போட்டு மூன்று நாள் எழுதினேன். இன்றுவரை "இல்லை" என்றுகூட ஒரு வரி வரவில்லை. ஒருவருடைய மூன்று நாளை வாங்கிக்கொண்டு ஒரு வரி பதில் போடாதவர்கள் வாக்குறுதிகளைக் காப்பாற்றும் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேலையோடு தொடர்புள்ள ஒரு ஒப்பந்தத்தை முறையாகக் கேட்டு வாங்கி, பொறுப்பின் உச்சவரம்பு, காப்பீடு, எந்த நாட்டுச் சட்டம், தகராறு வந்தால் எங்கே என்ற பகுதிகளைப் படியுங்கள். எந்த வரி வந்ததும் எழுந்துபோய் யாரையாவது கேட்கத் தோன்றுகிறதோ, உங்கள் பதிலை அங்கிருந்து தொடங்குங்கள். நிறுவனத்தின் பெயர், விலை, எதிர்த்தரப்பு எதையும் வெளியே சொல்லாதீர்கள். விற்றவர் பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தபோது எதிரில் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, "அது எங்களுக்கு வேண்டாம், மேலே சொல்லுங்கள்" என்றார்.