600 டாலர் கனவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவலை அண்மையில் படித்தேன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பிழைக்கும் ஜார்ஜ், மனவளர்ச்சி குன்றிய லென்னியை ஓயாமல் திட்டுகிறான். கடைசியில் தன் கையாலேயே அவனைச் சுட்டுக் கொல்கிறான். இதைப் போய் நட்பு என்கிறார்களே? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: திட்டைக் கவனித்த நீங்கள், திட்டி முடித்த பிறகு ஜார்ஜ் என்ன செய்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். கதையின் முதல் மாலையில், சலினாஸ் ஆற்றோரம் தீ மூட்டி இருவரும் பீன்ஸ் டப்பாக்களைச் சுடவைக்கிறார்கள். லென்னி கெட்சப் கேட்கிறான். இல்லாததையே எப்போதும் கேட்கிறானே என்று ஜார்ஜுக்குக் கோபம் மூள்கிறது. நீ மட்டும் இல்லையென்றால் நான் எவ்வளவு நிம்மதியாக இருப்பேன் என்று பொரிந்து தள்ளுகிறான். கோபம் வடிந்ததும் வெட்கப்படுகிறான். பிறகு லென்னி கெஞ்சிக் கேட்க, அந்தப் பழைய கதையைச் சொல்லத் தொடங்குகிறான். அப்போது அவனுடைய குரல் தாழ்கிறது. பலமுறை சொல்லிப் பழகிய சொற்கள் ஒரு தாளத்தோடு வருகின்றன. பண்ணையாட்களுக்குக் குடும்பமில்லை, சொந்த இடமில்லை, நாம் மட்டும் அப்படியல்ல, நமக்கொரு சின்ன வீடும் கொஞ்சம் நிலமும் வரும், முயல் வளர்ப்போம், முயலுக்குக் குதிரைமசால் பயிரிடுவோம் என்று கதை நீள்கிறது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத லென்னிக்கு இது மட்டும் மனப்பாடம். தனக்குப் பிடித்த இடங்களில் முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுகிறான்.

அவர்களுடைய நட்பு வாழ்வது இந்தக் கதை சொல்லலில்தான் என்பது என் எண்ணம். கனவு ஒன்று தனியாகவும் நட்பு ஒன்று தனியாகவும் அங்கே இல்லை. சொல்வதற்கு ஒருவனும் எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பதற்கு ஒருவனும் இருப்பதால் அந்தக் கனவுப் பண்ணை இருக்கிறது.

இன்னோர் இடத்தையும் திரும்பப் படித்துப் பாருங்கள். முன்பொரு நாள் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில், கூட நின்றவர்களிடம் தன் அதிகாரத்தைக் காட்டிக்கொள்வதற்காக லென்னியைக் குதிக்கச் சொன்னதை, பண்ணையில் உடன் வேலை பார்க்கும் ஸ்லிம்மிடம் ஜார்ஜ் ஒப்புக்கொள்கிறான். நீச்சல் தெரியாத லென்னி சொன்னவுடன் குதித்து, சாகும் நிலைக்குப் போய் மீட்கப்படுகிறான். குதிக்கச் சொன்னவன் யார் என்பதை மறந்துவிட்டு, காப்பாற்றியதற்காக ஜார்ஜிடம் நன்றியோடு நடந்துகொள்கிறான். அதன்பின் அப்படியொரு விளையாட்டில் ஜார்ஜ் இறங்கியதே இல்லை. பின்னர் பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவியை லென்னி அறியாமல் கொன்றுவிட, ஆட்கள் அவனைத் தேடித் துரத்துகிறார்கள். இறுதிக் காட்சியில் ஜார்ஜ் துப்பாக்கியை எடுக்கும்போதும், அக்கரையைப் பார்க்கச் சொல்லி அதே கதையைத்தான் அவன் சொல்கிறான். அவன் செய்ததை நியாயப்படுத்த நான் முயலவில்லை. ஆனால் துரத்தி வருபவர்களின் கையில் லென்னியை விடக்கூடாது என்ற முடிவை ஒரு பகைவன் எடுத்திருக்க மாட்டான்.

கேள்வி: அந்தப் பண்ணையில் எல்லாருமே தனியர்களாக இருப்பது செயற்கையாகத் தோன்றவில்லையா? பத்துப் பேர் ஓரிடத்தில் உறங்கினால் நாலு பேராவது நண்பர்களாகிவிட மாட்டார்களா? (பணி ஓய்வு பெற்ற வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வது நிலையாக ஓரிடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொருந்தும். 1930களின் கலிஃபோர்னியாவில் அறுவடைக் கூலிகள் ஒரு பயிர் முடிந்ததும் அடுத்த பயிருக்கு ஓடவேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் அடுத்த மாதம் எங்கே இருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமைக்குப் பாதுகாப்பளித்தபோது, பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. ஒருவர் இன்னொருவருக்காகப் பேசுவது அந்த உலகில் சந்தேகத்துக்குரிய செயலாகவே இருந்தது. நாவலிலும் லென்னிக்குப் பதிலாக ஜார்ஜ் வாய் திறந்தவுடன், இவன் அவனுடைய கூலியைச் சுருட்டுகிறானோ என்றுதான் பண்ணை முதலாளி கேட்கிறார்.

ஆட்கள் தங்கும் கொட்டகையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் ஆப்பிள் பெட்டி சுவரோடு ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சோப்பு, சவரக் கத்தி, மருந்துக் குப்பி, படித்துக் கசங்கிய பத்திரிகை என்று ஒரு மனிதனின் சொத்து முழுவதும் அதன் இரண்டு தட்டுகளில் அடங்கிவிடும். மூன்று மாதங்களுக்கு முன் அங்கே வேலை பார்த்துப் போன ஒருவனுடைய கடிதம் ஒரு பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. விட் என்ற இளைஞன் அதை ஸ்லிம்மைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறான். ஜார்ஜ் பார்க்கக் கேட்டபோது, பத்திரிகையைக் கையைவிட்டுக் கொடுக்காமல் கடிதத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறான். பிறகு பத்திரமாகத் தன் பெட்டித் தட்டில் வைத்துக்கொள்கிறான். நமக்குத் தெரிந்த ஒருவனின் பெயர் அச்சில் நிலைத்துவிட்டது என்பதே அவனுக்குப் பொக்கிஷம். கேள்வி பதில் பகுதி எழுதுபவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் சற்றுக் கூடுதல் பரிவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பண்ணையின் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ரூக்ஸின் நிலை இதைவிடக் கொடியது. கறுப்பர் என்பதால் அவருக்குக் கொட்டகையில் இடமில்லை. குதிரைச் சேணங்கள் தொங்கும் அறையில் தனியாகப் படுக்கிறார். புத்தகங்கள் வைத்திருக்கிறார், அவற்றில் 1905ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா உரிமையியல் சட்டத் தொகுப்பும் ஒன்று. சட்டம் படித்த அந்த மனிதர், நிலம் வாங்கும் கனவை முதலில் எள்ளி நகையாடுகிறார். பணம் பெரும்பாலும் சேர்ந்துவிட்டது என்று கேட்டதும், கூலியே வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும், நானும் வருகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். கர்லியின் மனைவி ஒரு வார்த்தை மிரட்டியதும், தான் விளையாட்டாகச் சொன்னதாக எண்ணிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு பழையபடி தன் கூட்டுக்குள் போய்விடுகிறார்.

கேள்வி: ஜார்ஜ் எந்நேரமும் சீட்டுக்கட்டோடு இருப்பதற்கு ஏதாவது பொருள் உண்டா? (வாசகி ஒருவர்)

பதில்: அது ஒருவரே ஆடும் ஆட்டம். ஆட்கள் நிறைந்த அறையில், எதிரே உட்கார ஆளில்லாத ஆட்டத்தை அவன் ஆடிக்கொண்டிருக்கிறான். கதை நடக்கும் பண்ணைக்கு அருகிலுள்ள சோலடாட் என்ற ஊரின் பெயருக்கும் ஸ்பானிய மொழியில் தனிமை என்றே பொருள்.

கேள்வி: அவர்களால் உண்மையிலேயே அந்த நிலத்தை வாங்கியிருக்க முடியுமா, அல்லது வெறும் பகற்கனவுதானா? (வங்கி ஊழியர் ஒருவர்)

பதில்: உங்கள் தொழிலுக்கேற்ற கேள்வி. நிலத்தின் விலை 600 டாலர். அந்தப் பண்ணையிலேயே ஒரு கையை இழந்த கிழவர் கேண்டி 350 டாலர் தருவதாகச் சொல்கிறார். அதில் 250 டாலர் இழந்த கைக்குக் கிடைத்த இழப்பீடு. மாதக் கூலி ஆளுக்கு 50 டாலர் என்பதால், ஒரு செப்புக் காசும் செலவழிக்காவிட்டால் ஜார்ஜும் லென்னியும் மாத முடிவில் 100 டாலர் சேர்த்துவிடலாம். ஆக மொத்தம் 450. மீதியைப் பிறகு சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்பது ஜார்ஜின் கணக்கு. ஆகவே கணக்குப்படி முடிந்திருக்கும். அந்தக் கூட்டலைப் போட்டு முடித்ததும் மூவரும் மகிழ்ச்சியில் கூச்சலிடவில்லை. நடக்காது என்று உள்ளூர நினைத்திருந்தது நடக்கப்போகிறதே என்று வியந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் லென்னி இல்லாமல் அந்தக் கணக்குக்குப் பொருளில்லை. கர்லியின் மனைவி இறந்து கிடப்பதைக் கண்டபின், நாமிருவராவது அங்கே போய் வாழலாமா என்று கேண்டி கேட்கிறார். பணக் குறை அப்போது பெரிதாகிவிடவில்லை. இருந்தாலும் ஜார்ஜ் மறுத்துவிடுகிறான். இது நடக்காது என்பது தனக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும் என்றும், லென்னி கேட்டு மகிழ்ந்ததால்தான் தானும் நம்பத் தொடங்கியதாகவும் சொல்கிறான். கேட்பவன் போன பிறகு அந்தக் கதையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

கேள்வி: இடம்பெயரும் பண்ணைக் கூலிகளைப் பற்றி, அவர்களிடையே இருந்தே வந்தவர்கள் எழுதியிருக்கிறார்களா? (எழுத்தாளராக விரும்பும் வாசகர்)

பதில்: எழுதியிருக்கிறார்கள், நீங்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். ஸ்டைன்பெக்கின் பண்ணையில் கலிஃபோர்னிய வயல்களில் உழைத்த மெக்சிகர்களும் ஃபிலிப்பினோக்களும் கண்ணில் படுவதில்லை. அது அந்த நாவலின் குறை என்றே கருதுகிறேன். பிலிப்பைன்ஸிலிருந்து 1930இல் அமெரிக்கா சென்ற கார்லோஸ் புலோசான், அந்த வாழ்வை 'அமெரிக்கா இஸ் இன் தி ஹார்ட்' என்ற நூலாக 1946இல் வெளியிட்டார். டெக்சாஸில் கூலிக் குடும்பமொன்றில் பிறந்து, வயல் வயலாக அலைந்து வளர்ந்த தொமாஸ் ரிவேரா, ஸ்பானிய மொழியில் எழுதிய சிறு நாவல் 1971இல் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், ஒரு வீட்டின் அடியில் ஒளிந்திருந்து தன் நினைவுகளையெல்லாம் திரட்டிய சிறுவன் வெளியே வந்து மரத்தில் ஏறுகிறான். தொலைவில் ஒரு பனை தெரிகிறது. அதன் உச்சியிலிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, நீ அங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்பதைத் தெரிவிக்க, கையைத் தூக்கி அசைக்கிறான்.