பகடி வீடும் மாத வாடகையும்

ஐயா,

மாதுங்காவில் பகடி வீட்டில் (குடியிருக்கும் உரிமைக்கு முதலில் ஒரு பெருந்தொகை கொடுத்து, பிறகு சிறு வாடகை கட்டும் முறை) இருக்கும் என் பெரியப்பா மாதம் 300 ரூபாய்க்கும் குறைவாகத்தான் வாடகை கட்டுகிறார். பக்கத்துக் கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்கு 50,000 கேட்கிறார்கள். நூறு வருஷத்தில் மும்பை வாடகை ஏறியதா, நின்றுவிட்டதா? பெரியப்பா கட்டடத்திலேயே இன்னொரு வீடு பகடிக்கு வருகிறது. வாங்கலாமா?

வாசகர், முலுண்ட்

அன்புள்ள நண்பருக்கு,

ஏறியது. மாத வாடகையில் ஏற வழியில்லாததால் பகடியில் ஏறியது.

முதல் உலகப்போர்க் காலத்தில் வாடகை எகிறியபோது 1918-ல் முதல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1947 சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த தொகையில் கட்டிப்போட்டது. விலைவாசி ஏறியும் வாடகை நகராததால் வீட்டுக்காரர்கள் ரிப்பேரைக் கைவிட்டார்கள். 1969-ல் அரசே 'செஸ்' என்ற தனி வரி வசூலித்து ரிப்பேர் பார்க்க வேண்டியதாயிற்று. வாடகைக்காரர்களும் சாவியைச் சும்மா கொடுக்கவில்லை. அடுத்து வருபவரிடம் பெருந்தொகை வாங்கி, வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். 1999 சட்டத்தின் 56-ம் பிரிவு அனுமதிக்கும்வரை இது குற்றம். பழைய பகடிகள் பலவற்றுக்குத் தாள் இல்லாததற்கு அதுதான் காரணம்.

அந்தச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வையும் அனுமதித்தது. 2000-ல் 100 ரூபாயாக இருந்த வாடகை, கூட்டுவட்டி போலக் கணக்கிட்டாலும், 25 வருஷத்தில் 267-தான் ஆகும். பக்கத்து வீட்டு 50,000 'லீவ் அண்ட் லைசென்ஸ்' வகை, அதாவது வாடகைக்காரர் உரிமை இல்லாமல் குறிப்பிட்ட காலம் குடியிருக்க மட்டும் அனுமதி. 1973 பிப்ரவரி 1 அன்று அப்படிக் குடியிருந்தவர்களைச் சட்டம் வாடகைக்காரர்களாக்கிவிட்டதால், பயந்துபோன பலர் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். இப்போது கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் இரட்டிப்புத் தொகை கட்ட வேண்டும். அந்தத் துணிச்சலில்தான் சந்தை விலை கேட்கிறார்கள்.

நீங்கள் போட வேண்டிய கணக்கு இது. பகடி 40 லட்சம் என்று வையுங்கள். 6 சதவீத வட்டியில் அந்தப் பணம் மாதம் 20,000 தரும். 300-ஐச் சேர்த்தால் உங்கள் உண்மையான வாடகை 20,300. வெளியேறும்போது வீட்டுக்காரர் பங்கு வேறு கழியும். வீடு உங்கள் சொத்து ஆகாது என்பதால் வங்கிக் கடனும் பொதுவாகக் கிடைக்காது.

அப்படியும் வாங்குவதென்றால், வாடகை ரசீது யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரிலேயே ரசீது ஓடினால் பணம் கொடுக்காதீர்கள். அவர் இறந்தபோது கூடவே குடியிருந்த குடும்பத்தாருக்குத்தான் உரிமை முதலில் போகும். விற்பவர் அப்படிக் கூடக் குடியிருந்தவரல்ல என்றால் வழக்கு உங்கள் தலையில் விழும். வீட்டுக்காரர், விற்பவர், நீங்கள் என மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். கடைசித் தவணையை, உங்கள் பெயரில் புது ரசீது கைக்கு வரும் அன்றைக்கே கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

கட்டடம் செஸ் வரி கட்டும் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், இடித்துக் கட்டும்போது மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 33(7)-ன்படி குறைந்தது 300 சதுர அடி உங்களுக்குச் சொந்தமாகவே வரும். பகடிக்குப் பேசப்படும் விலையில் பெரும்பங்கு இந்த எதிர்பார்ப்புக்குத்தான். பட்டியலில் இல்லையென்றால் அந்த விலை கொடுக்காதீர்கள்.